பச்சை எழுத்துக் கோப்புகள்

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலால் நெற்றியில் ஒரு சுருள் போடுவார்கள். அதுதான் நான். என் முன்முடி சுருட்டை. எண்ணெய் வைத்து எவ்வளவு படிய வாரினாலும் பம்மலில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எழுந்து நின்றுவிடும். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இல்லை. ஒரு மத்தியானம் ஒரு பெண் அந்தச் சுருளைப் போட்டாள், மறுநாள் மொத்தப் பள்ளியும் போட்டது.

காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி அது. ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, மொட்டை மாடியில் கூரை போட்ட சாப்பாட்டு இடம். மழை பிடித்துக்கொண்டால் தோல் பதனிடும் பட்டறைகளின் வாடை படியேறி வரும். புதிதாக வருகிறவர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

வகுப்பில் கைகள் மேசை மேல் இருக்க வேண்டும் என்பது சட்டம். உதட்டைப் பார்க்க வேண்டும், தொண்டையைத் தொட்டு ஒலியைப் பழக வேண்டும், பேச வேண்டும். சைகையைப் பழக்கிவிட்டால் பிள்ளைகள் கடைசி வரை பேச மாட்டார்கள் என்று எங்கள் கரஸ்பாண்டென்ட் சார் உறுதியாக நம்பினார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய காலத்தில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் மத்தியானம் மணி அடித்து (அந்த மணியே ஒரு சிவப்பு விளக்குதான்) பிள்ளைகள் மொட்டை மாடிக்குப் போய்விட்டால், சோற்றுக் கையும் சும்மா இருக்கிற கையும் சேர்ந்து பறக்கும். சண்டை, கிண்டல், கோள், கதை எல்லாம் அங்கேதான்.

அங்கே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவர், நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிட்லப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளுவதுதான் அவருடைய பெயர். எங்கோ வடக்கே ஒரு பயிற்சிக்குப் போனபோது அச்சடித்த சைகைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருந்தார். ஒரு நாள் அதைப் பிள்ளைகளிடம் காட்டினார். மழைக்குப் போட்டிருந்த படத்தைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவங்க மழையே வேற," என்றார் அக்கா. "பாத்தியா? மேலேர்ந்து கொட்டுற மாதிரி யாருமே காட்டல. பேண்ட்டைச் சுருட்டுற மாதிரிதான் காட்டுறாங்க."

உண்மைதான். பம்மல் பிள்ளைகளுக்கு மழை வானத்திலிருந்து வருவது அல்ல. தெருவில் முழங்கால் வரை நிற்பது. பம்மலுக்கு மூக்கைப் பிடிப்பார்கள். தாம்பரத்துக்கு ஒரு உள்ளங்கை ஓடி வந்து மறு உள்ளங்கையில் முட்டி நிற்கும், எலெக்ட்ரிக் ரயில் வந்து நிற்கிற மாதிரி. கரண்ட் போவதற்கு ஒரு கையால் கண்ணைப் பொத்தி, உடனே மறு கையால் விசிற வேண்டும்.

"இது யாரும் சொல்லிக் கொடுக்காதது," என்றார் அக்கா. "இவங்களா பண்ணிக்கிட்டது. பெரிய பசங்க பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிட்டா பாதி அவங்களோட போயிடும். அதுக்குள்ள பிடிச்சு வைக்கணும்."

பிடித்து வைக்க ஒரு வீடியோ கேமராவும் கம்ப்யூட்டரும் வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. புதிதாக வரப்போகும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றின் சோதனைப் பதிப்பு வெளியே விட்டிருந்தார்கள். கடைக்கு வருவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், குறை இருந்தால் எழுதி அனுப்பலாம், குறிப்பிட்ட தேதி வரை இலவசம். அவர் அதைத் தன்னுடைய பழைய லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தார். திரையின் வலது மூலையில் 'சோதனைப் பதிப்பு' என்று மங்கலாக எழுதியிருக்கும். அந்த லேப்டாப்பைத்தான், வீட்டிலிருந்த கேமராவோடு சேர்த்து, அக்காவுக்குக் கொடுத்தார்.

கரஸ்பாண்டென்ட் சாரிடம் அனுமதி கேட்டபோது அவர் முதலில் மறுத்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "பெத்தவங்க ஒத்துக்கிட்டா எடுத்துக்கோங்க. ஆனா வெளிய யார் கையிலயும் போகக் கூடாது," என்றார்.

பெற்றவர்கள் ஒத்துக்கொள்வது சுலபமாக இல்லை. கேமரா வைத்த செல்போன்கள் அப்போதுதான் எல்லார் கையிலும் வர ஆரம்பித்திருந்தன. எந்தப் பெண்ணின் படமோ எங்கோ பரவியது என்று வாரம் ஒரு செய்தி வரும். பெற்றோர் கூட்டத்தில் அக்கா விஷயத்தைச் சொன்னதும் முதலில் எழுந்தவர் மீன்காரம்மா. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து, பம்மலில் வாடகைக்கு இருந்துகொண்டு பல்லாவரம் சந்தையில் மீன் விற்றார். பத்து வயதில் அவருக்கு ஒரு மகள், எங்கள் பள்ளியிலேயே கை அதிகம் பறக்கும் பெண்.

"இன்னா மிஸ், படம் புட்சி இன்னா பண்ணப் போறீங்க?" என்றார். "பொட்டப்புள்ளம்மா இது. வாயும் பேசாது, காதும் கேக்காது. நாளைக்கு எவனாச்சும் பாத்துகினு எதனா பண்ணா யாரு வர்றது?"

அவர் கேட்டதும் மற்ற அம்மாக்களும் தலையாட்டினார்கள். அக்கா கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். வீட்டுக்குப் போய்த் தன் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவரே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அமைதியான மனிதர். அம்மாக்களைத் தரையில் உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சோதனைப் பதிப்பில் கோப்புகளைப் பூட்டும் வசதி ஒன்று இருந்தது. ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். உள்ளே இருக்கிற கோப்புகளின் பெயர்கள் எல்லாம் கறுப்பிலிருந்து பச்சையாக மாறும். அதற்குப் பிறகு பூட்டியவர் தன்னுடைய பாஸ்வேர்டோடு உள்ளே வந்தால்தான் திறக்கும். அவர் அக்காவின் பெயரில் ஒரு படத்தைப் பூட்டினார். பிறகு வேறு பெயரில் உள்ளே நுழைந்து அதையே க்ளிக் செய்தார். அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது.

மீன்காரம்மா முன்னால் நகர்ந்து வந்தார். "இத்த வேற கம்ப்யூட்டர்ல தூக்கினு போயி போட்டா?"

"அங்கயும் தொறக்காதும்மா."

"இவரு தொறந்தா?" என்று கரஸ்பாண்டென்ட் சாரைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், சாரும்தான்.

"யாராலயும் முடியாது. இவங்க மட்டும்தான்," என்று அவர் அக்காவைக் காட்டினார்.

மீன்காரம்மா அந்தப் பச்சைப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப சரி," என்றார். "எம் பொண்ணு வரும். எனக்கும் ஒரு தபா காட்டணும், இன்னா?"

"எப்ப வேணாலும் வாங்க," என்றார் அக்கா.

மற்ற அம்மாக்களும் சம்மதித்தார்கள். அந்தப் பூட்டு மட்டும் இல்லையென்றால் ஒரு படம்கூட எடுத்திருக்க முடியாது. இன்று வரைக்கும் இதை நினைத்துதான் எனக்கு மனசு ஆறாமல் இருக்கிறது.

அந்த வருடம் முழுக்க எடுத்தோம். நான் கேமராவைப் பிடிப்பேன். அக்கா எதிரே உட்கார்ந்து ஒரு பொருளையோ படத்தையோ காட்டுவார். வெயில் சரியாக விழுவதற்காக மொட்டை மாடியில் ஒரு நீல நிறப் போர்வையைக் கட்டி, அதன் முன்னால் பிள்ளைகளை உட்கார வைப்போம். முதல் வாரம் விறைப்பாக இருந்தார்கள். பிறகு கேமராவை மறந்துவிட்டார்கள். பெரிய வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் ஒரு சைகைக்காகச் சண்டை போட்டதுகூட ஒரு படத்தில் இருந்தது. 'மாமியார்' என்பதற்கு இடுப்பில் சாவிக்கொத்து செருக வேண்டும் என்று ஒருத்தி, இல்லை உதட்டைப் பிதுக்க வேண்டும் என்று மற்றவள். கடைசியில் சாவியைச் செருகிவிட்டு உதட்டையும் பிதுக்குவது என்று சமாதானமானது. அக்கா சிரித்ததில் கண்ணாடி கழன்று விழுந்தது.

மீன்காரம்மா மகள் வந்தாலே எங்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் பெண்ணுக்கு மீன் என்று பொதுவாக ஒரு சைகையே கிடையாது. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி. வஞ்சிரத்துக்குக் கையைக் கத்தியாக்கி முன்கையில் தடிமனாகத் துண்டு போடுவாள். நெத்திலிக்குச் சுண்டுவிரல் மட்டும் துடிக்கும். சுறாவுக்கு அவள் காட்டியது எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டி, பிறகு சாப்பிடுவது போல் வாய்க்குக் கொண்டு போனாள். அவள் தம்பி பிறந்தபோது அவள் அம்மாவுக்குச் சுறாப் புட்டு கொடுத்தார்களாம். பால் ஊறுவதற்காக. பிறகு அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒவ்வொரு நாளும் மாலையில் அக்கா படங்களை லேப்டாப்பில் ஏற்றி, கேமராவில் இருப்பதை அழித்துவிட்டு, தமிழிலேயே பெயர் கொடுத்து, அந்த ஃபோல்டருக்குள் போடுவார். போட்டதும் பெயர் பச்சையாகும். மழை. மாமியார். சுறா. கரண்ட் கட். வரிசையாகப் பச்சை எழுத்தில் இறங்கிக்கொண்டே போகும். அதைப் பார்ப்பதே ஒரு திருப்தியாக இருக்கும்.

மீன்காரம்மா மட்டும் பார்க்க வரவே இல்லை. சந்தை, வீடு, கைக்குழந்தை என்று அவருக்கு ஓட்டம். மகளைக் கூப்பிட வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே, "அடுத்த வாரம் வர்றேன் மிஸ், கண்டிப்பா," என்பார். அந்த வருடக் கடைசியில் அவர் வீட்டுக்காரருக்குக் கடலிலேயே வேலை கிடைத்ததென்று குடும்பத்தோடு கோவளம் பக்கமே திரும்பிப் போய்விட்டார். பெண்ணுக்கும் பள்ளி நின்றது.

சோதனைப் பதிப்புக்குக் கெடு இருக்கிறது என்பது எங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். "அதுக்குள்ள கடைக்கு ஃபைனல் வந்துடும், வாங்கிப் போட்டுக்கலாம்," என்று அக்காவின் கணவர் சொல்லியிருந்தார். சொன்னபடியே கடைக்கு வந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் அவரைக் கம்பெனியில் வெளிநாட்டு ப்ராஜெக்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லேப்டாப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு நாள் திரையில் லைசென்ஸ் முடியப்போகிறது என்று செய்தி வந்தது. அதை மூடினோம். கொஞ்ச நாளில் லேப்டாப் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணைய ஆரம்பித்தது. எச்சரிக்கை எதுவும் கிடையாது. அக்கா ஒவ்வொரு சைகைக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார், திரை இருட்டாகிவிடும். இரண்டு முறை எழுதியது போனது. கெட்டுப்போய் அணைகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். போனில் அவர் கணவர்தான் விளக்கினார்.

"கெடலை. அப்படித்தான் பண்ணுவாங்க. கெடு தாண்டினா இப்படி அணைச்சு அணைச்சு உன்னை மாத்த வைப்பாங்க. அப்புறம் ஒரு நாள் மொத்தமா நின்னுடும். ஃபைனல் வாங்கிப் போட்டுடு. ஆனா இதுக்கு மேலயே அதைப் போட முடியாது, டிஸ்க்கை சுத்தமா அழிச்சிட்டுத்தான் போடணும். முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுத்துக்கோ."

மறுநாள் மத்தியானம் நானும் அக்காவும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தோம். அவர் பென் டிரைவைச் செருகி, முதல் கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டார். ஒரு கேள்வி வந்தது. இந்த இடத்தில் பூட்டு நிற்காது, பூட்டு இல்லாமலே காப்பி எடுக்கட்டுமா என்று கேட்டது.

அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே வேண்டாம் என்பதை அழுத்தினார். "அந்த அம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். பென் டிரைவ் எங்கயாவது விழுந்தா?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இப்போது கேட்டாலும் அதுதான் சரியென்று சொல்வேன். அன்று அவர் 'சரி' என்று அழுத்தியிருந்தால் எல்லாப் படமும் இன்றைக்கு இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாலையில் தாம்பரம் மேற்கில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். பூட்டைத் தாங்குகிற மாதிரி அதைத் தயார் செய்து கொடுத்தார் கடைக்காரர். அதில் காப்பி எடுத்தபோது எந்தக் கேள்வியும் வரவில்லை. பெயர்கள் பச்சையாகவே வந்து உட்கார்ந்தன. அக்கா ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார். அவர் லேப்டாப்பில் நாலைந்தைத் திறந்தும் பார்த்தோம், அந்த டிஸ்க்கிலிருந்தே. ஓடியது. பிறகு அழித்துவிட்டு ஃபைனலைப் போடச் சொல்லி லேப்டாப்பை அதே கடையில் கொடுத்தோம்.

"வீட்டு உபயோகம்தானே மேடம்? ஹோம் எடிஷன் போதும். எல்லாரும் அதான் போடுறாங்க," என்றார் கடைக்காரர். நாங்களும் தலையாட்டினோம். எடிஷன் என்றால் விலையில் வித்தியாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சோதனைப் பதிப்பில் எல்லா வசதியையும் திறந்து வைத்திருப்பார்கள், விற்கும்போது பிரித்துப் பிரித்து விற்பார்கள் என்று எங்களுக்கு யார் சொல்வது?

லேப்டாப் திரும்பி வந்த அன்று மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதுத் திரை பளிச்சென்று இருந்தது. மூலையில் அந்த மங்கலான எழுத்து இல்லை. அக்கா டிஸ்க்கைச் சொருகினார். ஃபோல்டர் திறந்தது. பெயர்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. மழையை க்ளிக் செய்தார். அனுமதி இல்லை.

பாஸ்வேர்டு தப்பாக இருக்கும் என்று வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார். அனுமதி இல்லை. மாமியார். அனுமதி இல்லை. சுறா. ஒவ்வொரு கோப்பும் எத்தனை நிமிடம், எத்தனை பெரிது, எந்தத் தேதியில் எடுத்தது என்று எல்லாம் காட்டியது. படத்தை மட்டும் காட்டவில்லை. பூட்டை எடுக்கலாமென்று அந்தக் கட்டத்தைத் தேடினோம். கட்டம் இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில், தொட முடியாதபடி. இந்த எடிஷனில் அந்த வசதியே கிடையாது.

அக்கா போன் செய்தார். அவர் கணவருக்கு அங்கே விடிகாலை. தூக்கக் கலக்கத்தில் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சாவியை எக்ஸ்போர்ட் பண்ணியா?"

"என்ன சாவி? பாஸ்வேர்டுதானே?"

 பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். பாஸ்வேர்டு வெறும் கதவுதான். பூட்டின் சாவி அந்தப் பழைய சிஸ்டத்துக்குள்ளேயே இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். டிஸ்க்கை அழித்தபோது சாவியும் அழிந்துவிட்டது. "நான் சொல்லியிருக்கணும்," என்றார். "காப்பி எடுன்னு சொன்னேன். சாவியை எடுன்னு சொல்லலை. என் தப்பு."

"அது ஒரு தடவை கேட்டுச்சு," என்றார் அக்கா திடீரென்று. "முதல் நாள் மூலையில ஒரு பலூன் மாதிரி வந்துச்சு. ஏதோ பேக்கப் எடுக்கச் சொல்லி. நான் மூடிட்டேன்."

அந்தச் சோதனைப் பதிப்பில் ஒரு நாளைக்கு அப்படி எத்தனையோ பலூன்கள் வரும். பாதி அர்த்தமில்லாதவை. பாதி தப்பானவை. எல்லாவற்றையும் மூடித்தான் வேலை செய்ய முடியும். அதைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மொட்டை மாடியிலிருந்து பிள்ளைகளின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அலைந்தோம். தாம்பரத்துக் கடைக்காரர் தன் கடையில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரிக் ரயில் பிடித்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். அழிந்த டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்டுத் தருகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். லேப்டாப்பை ஒரு வாரம் வைத்துக்கொண்டார். "டிஸ்க் மேலயே புது சிஸ்டம் போட்டுட்டாங்க. சாவி இருந்த இடத்துல இப்ப வேற என்னமோ இருக்கு," என்றார். "சாவி இல்லாம இதை உடைக்க முடியாது மேடம். நல்ல பூட்டு இது."

அக்காவின் கணவர் ஊர் திரும்பியதும் மேல் எடிஷனை வாங்கிப் போட்டார். அதில் பூட்டும் வசதி இருந்தது. சாம்பல் கட்டம் உயிர் பெற்றது. ஆனால் அது புதுப் பூட்டு. பழைய பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அக்காவைக் கூப்பிட வந்தாலும் தெரு முனையிலேயே நிற்பார்.

பெற்றோர் கூட்டத்தில் அக்கா எதையும் மறைக்காமல் சொன்னார். படங்கள் யார் கையிலும் போகவில்லை, ஆனால் எங்களாலும் திறக்க முடியவில்லை என்றார். யாரும் கோபப்படவில்லை. பாதிப் பேர் அப்படி ஒன்று எடுத்ததையே மறந்திருந்தார்கள். கோவளத்துக்குப் போய் மீன்காரம்மாவிடமும் நேரில் சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணை மட்டுமாவது மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு நானும் போனேன்.

குப்பத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மீன்காரம்மா வாசலில் வலை மேல் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். ஒரு பையனை அனுப்பிக் கலர் சோடா வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தார். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"அப்ப யாருமே பாக்க முடியாதா?"

"முடியாதும்மா."

"நீகூட?"

தன்னாலும் முடியாது என்று அக்கா தலையை ஆட்டினார்.

மீன்காரம்மா மறுபடி குனிந்து நெத்திலியைப் பரப்பினார். "ஒரு தபா வந்து பாத்துட்டுப் போணும்னு நெனச்சுகினே இருந்தேன் மிஸ். அந்தச் சந்தைய வுட்டு வர முடிஞ்சாத்தானே. எப்பவும் அங்கதானே இருக்கப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

"பொண்ணு எங்கம்மா? அவளை மறுபடி எடுத்துடலாம்."

"அவ இங்க இல்ல. செங்கல்பட்டுப் பக்கம் ஆஸ்டல்ல சேத்துட்டேன். பெரிய பள்ளிக்கூடம். நல்லாச் சொல்லித் தராங்க." பெருமையாகத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "லீவுக்கு வந்தா. இப்ப வேற மாரி கை காட்டுறா. வெரலு வெரலா மடக்கி எழுத்து மாரி என்னவோ பண்றா. எனக்கே ஒண்ணும் புரியல. மீனு வாங்கினாந்து காட்டுனேன். எல்லா மீனுக்கும் ஒரே மாரி கைய ஆட்டுறா."

அக்கா கேமராவைப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கேளம்பாக்கம் வரை அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மறுபடி எடுக்காமல் இல்லை. அடுத்த வருடம் அந்த நீலப் போர்வையைக் கட்டினோம். சண்டை போட்ட இரண்டு பெரிய பெண்களும் பள்ளி முடித்துப் போயிருந்தார்கள். இருக்கிற பிள்ளைகள் செய்தார்கள். ஆனால் ஒரு முறை செய்ததை மறுபடி செய்யச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடுகிறது. கை சரியாக இருக்கும், முகத்தில் ஒன்றும் இருக்காது. அக்காவுக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, "முன்னாடி எடுத்தது இப்படி இல்ல இல்லையா?" என்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. பதினைந்து, இருபது சைகைகளோடு அது நின்றது.

கரஸ்பாண்டென்ட் சார் ஆறுதலாகத்தான் சொன்னார். "விடுங்க மேடம். நீங்க நல்ல டீச்சர். பேச வைக்கிற வேலையைப் பாப்போம்." அக்கா அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஆனால் மத்தியானத்தில் மொட்டை மாடிக்கு வருவதை விட்டுவிட்டார். கீழேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிடுவார். அதற்கு அடுத்த வருடம் அவர் கணவருக்கு வெளிநாட்டிலேயே நிரந்தரமாக வேலை கிடைத்தது. சிட்லப்பாக்கம் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிப் போனார்கள். அவ்வப்போது போன் செய்வார். அங்கே ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன் என்றார். இந்த விஷயத்தை அவர் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

நான் அந்தப் பள்ளியிலேயே இருந்துவிட்டேன். கரஸ்பாண்டென்ட் சார் ஓய்வு பெற்று, புதிதாக வந்தவர் சைகையை வகுப்புக்குள் அனுமதித்தார். அச்சடித்த புத்தகச் சைகையைத்தான். பிள்ளைகள் அதை வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது மழை என்றால் மேலிருந்துதான் கொட்டுகிறது. எந்த ஊர்ப் பிள்ளையோடும் அவர்களால் பேச முடிகிறது. அது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சில வருடங்கள் கழித்து பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிற இளைஞர் ஒருவர் வந்தார். தென்சென்னைப் பக்கத்துக் காது கேளாத பிள்ளைகள் தங்களுக்குள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். பல பள்ளிகளில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். எங்கேயும் இல்லையாம். எங்களிடம் இருந்தது என்று சொன்னேன். எப்படிப் போனது என்றும், மறுபடி எடுத்த பதினைந்து, இருபதும் அக்காவின் லேப்டாப்போடு போய்விட்டது என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "ஐயோ," என்றார். அந்தத் துறையில் இருக்கிற ஒருவர் அப்படிச் சொன்னபோதுதான் நாங்கள் எதைத் தொலைத்தோம் என்பது எனக்குச் சரியாக உறைத்தது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதையாவது காட்டுங்க மேடம்," என்றார். பையிலிருந்து கேமராவை எடுத்து ஸ்டாண்டில் நிறுத்தினார்.

நான் எதிரே உட்கார்ந்தேன். பேண்ட்டைச் சுருட்டினேன். ரயிலை நிறுத்தினேன். இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகினேன். என் கைகளை எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. மெதுவாக, பயந்து பயந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி அசைந்தன. சுறாவுக்குத் தாலாட்டு முதலில் வருமா, சாப்பிடுவது முதலில் வருமா என்று தடுமாறி நின்றேன். இரண்டு விதமாகவும் செய்து காட்டினேன்.

"எது சரி மேடம்?" என்று கேட்டார்.

"தெரியலைப்பா," என்றேன்.

அவர் பரவாயில்லை என்று இரண்டையும் குறித்துக்கொண்டார். அடுத்தது என்ன என்று கேட்டார். வாசலில் ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பள்ளி விடும் நேரம். பிள்ளைகளை ஏற்றிவிட நான் எழுந்து போக வேண்டியிருந்தது.